சாயம் போகுமாண்ணே?

சென்னை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கும் எவரும் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி அது. பழைய வண்ணாரப்பேட்டைக்காரனான எனக்கு, மூளையில் படியும் புரதங்களைக் காட்டிக்கொடுக்க உள்ளே அனுப்பும் டிரேசர் என்ற மூலக்கூறுகளைப் பற்றிப் படிக்கும்போதும் அதுதான் ஞாபகம் வருகிறது. காரணம், அவற்றில் முன்னோடியான ஒன்றின் பூர்வீகமே சாயப்பட்டறைதான்.

அல்சைமர் நோயில் அமிலாய்ட் என்ற புரதம் நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படியும். எம்.ஆர்.ஐ.யில் மூளை சுருங்கியிருப்பது தெரியும், இந்தப் படிவு தெரியாது. இறந்தவரின் மூளையைச் சீவி, காங்கோ ரெட், தயோஃப்ளேவின் போன்ற துணிச் சாயங்களை ஏற்றித்தான் வெகுகாலம் அதைப் பார்த்தார்கள்.

உயிரோடு இருப்பவருக்கு என்ன செய்வது? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளங்கும் செஸ்டர் மாதிஸும் முதலில் காங்கோ ரெட்டின் சொந்தக்கார மூலக்கூறுகளோடு மல்லுக்கட்டினார்கள். சரிவரவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு, பருத்த மூலக்கூறையும் மின்னூட்டம் உள்ளதையும் லேசில் உள்ளே விடாது. அப்புறம் தயோஃப்ளேவினை எடுத்து, அதன் நேர்மின்னூட்டத்தை நீக்கினார்கள். தடுப்பைத் தாண்டியது மட்டுமல்ல, அமிலாய்டை முன்னைவிட இறுக்கமாகவும் பிடித்தது! 2002-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதல் நோயாளிக்கு அதைச் செலுத்தினார்கள்.

சரி, மண்டை ஓட்டுக்குள் இருக்கும் சாயம் வெளியே எப்படித் தெரியும்? அதில் ஒரு கதிரியக்க அணுவைச் சேர்த்திருப்பார்கள். அது உமிழும் பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) பக்கத்து எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, எதிரெதிர் திசையில் இரண்டு காமா கதிர்கள் கிளம்பும். பெட் (PET) ஸ்கேனர் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து இடத்தைக் கணக்கிடும். முதலில் பயன்பட்ட கார்பன்-11, 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டினால் அவ்வளவுதான். புளோரின்-18 பாதியாக 110 நிமிடம் ஆகும் என்பதால், வேறிடத்தில் தயாரித்து வண்டியில் அனுப்பலாம்.

என்னைக் கேட்டால், ஒட்ட வைப்பதைவிட அலசுவதுதான் பெரிய வேலை. படிவில் ஒட்டாத மிச்சமெல்லாம் சீக்கிரம் வெளியேறினால்தான் படம் தெளியும். கொழுப்பில் அதிகம் கரையும் டிரேசர் மூளையின் வெள்ளைப் பகுதியிலேயே தங்கிவிடும். அல்சைமரில் படியும் டாவ் என்ற இன்னொரு புரதத்தைத் தேடி அனுப்பிய டிஎச்கே-5351 என்ற டிரேசர், எம்ஏஓ-பி என்ற நொதியையும் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்களைக் குழப்பியது.

பார்க்கின்சன் நோய்க்குரிய ஆல்ஃபா சைனுக்ளியின் என்ற புரதம் இன்னும் படுத்துகிறது. அளவில் குறைவு, செல்லுக்குள்ளே பதுங்கியிருக்கும், போதாக்குறைக்கு அமிலாய்டின் சாயலும் உண்டு. அதை மட்டும் பிடித்து, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு வரும் சாயத்தைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.