அழற்சிக்குக் கடிவாளம் போடும் நரம்பு

முன்கையில் ஸ்கேலின் விளிம்பை அழுத்தி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். முதலில் கோடு சிவக்கும். சற்று நேரத்தில், நீங்கள் தொடாத தோலிலும் செம்மை பரவும். இந்தப் பரவல் நரம்பு செய்யும் வேலை. வலிச்செய்தியை மேலே கொண்டுபோகும் அதே நரம்பிழை, தன் பக்கக் கிளைகளின் நுனியில் சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. என்ற பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) கசியவிட, ரத்தக்குழாய்கள் விரிகின்றன. உணர்வு நரம்பு அழிந்துபோன இடத்தில் கோடு மட்டுமே சிவக்கும்.

காயத்துக்கும் கிருமிக்கும் எதிராக உடல் காட்டும் இந்தச் செம்மை, வீக்கம் போன்ற எதிர்வினைதான் அழற்சி. அதைக் கிளப்பும் நரம்பு மண்டலமே அதை அடக்கவும் செய்கிறது. அதில் முக்கியமானது, மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியே மார்பு, வயிற்று உறுப்புகளுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு. அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை. எங்கோ சைட்டோகைன்கள் (நோய் எதிர்ப்பு செல்கள் விடும் செய்திப் புரதங்கள்) பெருகினால் மூளைத்தண்டுக்குத் தகவல் போய்விடும். திரும்பி வரும் கட்டளையின் பாதைதான் வியப்பானது. மண்ணீரலுக்குள் நரம்பு நுனி நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை விடுகிறது. அது அங்குள்ள ஒருவகை டி செல்களைத் தட்டியெழுப்ப, அவை அசிட்டைல்கோலின் சுரக்கின்றன. நரம்புக்கே உரியது என்று நாம் படித்த வேதிப்பொருளை ரத்தவெள்ளையணு சுரக்கிறது! அந்த அசிட்டைல்கோலின், கிருமிகளை விழுங்கும் செல்லான மேக்ரோபேஜின் மேலுள்ள ஆல்ஃபா-7 ஏற்பியில் ஒட்டியதும், அழற்சியைத் தூண்டும் சைட்டோகைனான டி.என்.எஃப். உற்பத்தி குறைகிறது. 2000-இல் கெவின் டிரேசியின் குழு, பாக்டீரிய நச்சு ஏற்றிய எலிகளின் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது டி.என்.எஃப். தணிந்தது, ரத்த அழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலையும் தடுக்கப்பட்டது.

இது விரைவான வழி. ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரீனல் வழியாக வரும் கார்டிசால் என்ற ஹார்மோன் சற்றுத் தாமதமாக உடல் முழுவதும் வேலை செய்யும். நாள்பட்ட மன அழுத்தத்தில் செல்கள் கார்டிசாலுக்குச் செவிசாய்ப்பது குறைவதால், ஹார்மோன் இருந்தும் அழற்சி அடங்குவதில்லை.

தீயை அணைப்பதோடு வேலை முடியாது, சாம்பலையும் அள்ள வேண்டும். கிருமியோடு போரிட்டுச் செத்த வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களை மேக்ரோபேஜ்கள் விழுங்கியாக வேண்டும். அதற்கு ரிசால்வின் போன்ற கொழுப்பு மூலக்கூறுகள் துணைபுரிகின்றன. வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளில் இந்தத் துப்புரவு தாமதமாகிறது.

மூட்டுகளில் அழற்சி நீடிக்கும் முடக்குவாதத்துக்குக் கழுத்தில் பொருத்தும் வேகஸ் தூண்டிக்கு 2025-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது நாளுக்கு ஒரு நிமிடம் மட்டுமே இயங்குகிறது. டி.என்.எஃப்.-ஐ அடியோடு முடக்கினால் உடலில் பதுங்கியிருக்கும் காசநோய்க் கிருமி தலைதூக்கலாம். அதனால்தான் அளவாகப் பிடிக்கும் கடிவாளத்துக்கு இத்தனை மதிப்பு.