யுஏ 13+ என்றால் வாசலில் தடுப்பார்களா?

பத்து வயது மகளோடு தியேட்டருக்குப் போகிறீர்கள். போஸ்டரில் 'யுஏ 13+' என்று போட்டிருக்கிறது. உள்ளே விடுவார்களா?

விட வேண்டும். 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம், பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர் பார்க்கலாம் என்னும் பழைய யுஏ பிரிவை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்தது. அந்த எண் பெற்றோருக்கான குறிப்பு மட்டுமே. அதைப் பார்த்து முடிவெடுப்பது பெற்றோர் அல்லது பாதுகாவலரின் வேலை, வேறு யாரும் அதை அமல்படுத்த முடியாது என்று சட்டமே சொல்லிவிட்டது. வயது வந்தோருக்கு மட்டுமான 'ஏ' அப்படியல்ல. 15 வயதுப் பையனை, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் விடக் கூடாது.

இந்த முத்திரைகளுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1920-இல் சென்னையிலும் பம்பாய், கல்கத்தா, ரங்கூனிலும் தணிக்கை வாரியங்கள் வந்தன. 1952-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. 1983-இல் யுஏ பிரிவும், மருத்துவர்கள் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமான எஸ் பிரிவும் சேர்ந்தன. வாரியத்தின் பெயரில் 'தணிக்கை' போய் 'சான்றிதழ்' வந்தது. பெயர் மாறியதே தவிர கத்தரி கைமாறவில்லை. கோடம்பாக்கத்தில் இன்றும் அது 'சென்சார்'தான்.

அரசின் கையைக் கட்டியதில் நீதிமன்றங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இட ஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்குப் பயந்து கருத்துரிமையைப் பறிக்கக் கூடாது என்றது. வாரியம் சான்றளித்த படத்தை மத்திய அரசு மறுபடி கையிலெடுக்கும் அதிகாரமும் 2000-இல் செல்லாமல் போனது. 2021 வரைவு மசோதாவில் அதை மீண்டும் நுழைக்கப் பார்த்தார்கள். திரையுலகம் எதிர்த்தது; 2023 சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

அதே திருத்தத்தால் சான்றிதழின் பத்தாண்டு ஆயுள் வரம்பும் நீங்கி, அது நிரந்தரமாகிவிட்டது. திருட்டு வீடியோ எடுத்தால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய்.

ஆனால் தயாரிப்பாளருக்கு ஒரு கதவு அடைபட்டுவிட்டது. வாரியத்தின் பரிசீலனைக் குழு சொன்ன வெட்டுகள் பிடிக்காவிட்டால் மறுபரிசீலனைக் குழுவுக்குப் போகலாம். அங்கும் சரிவராவிட்டால் முன்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். வழக்குப் பட்டியலில் தன் முறை வரும்வரை, கடன் வாங்கிப் படமெடுத்தவருக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.