முழங்கையில் நஞ்சு

போன வாரம் ஒரு வாசகர் வாட்ஸ்அப்பில் வீடியோ ஒன்றை அனுப்பி, "நம்ம ஊர் தேவாங்கு மாதிரியே இருக்கே சார், இதை வீட்டில் வளர்க்கலாமா?" என்று கேட்டிருந்தார். உருண்டைக் கண்கள், புசுபுசுவென்ற உடம்பு. ஒருவர் விரலால் கிச்சுகிச்சு மூட்ட மூட்ட, அது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி கிடக்கிறது. இந்த வகை வீடியோக்கள் 2009 முதல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இன்னும் ஓய்ந்தபாடில்லை.

சட்டம் சொல்லும் பதில் சுருக்கமானது. தேவாங்கும், வீடியோவில் உள்ள ஸ்லோ லோரிஸும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. பிடித்தாலோ வைத்திருந்தாலோ குறைந்தது 3 ஆண்டு சிறை. 7 ஆண்டு வரை போகலாம். ஆனால் வாசகர் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. அது ஏன் கையைத் தூக்குகிறது? எனக்கு அதுதான் சுவையான கேள்வி.

இரண்டும் உறவுக்காரர்கள்தான். குரங்கும் நாமும் அடங்கிய பிரைமேட் வரிசையில், லெமூர்கள் இருக்கும் பக்கத்துக் கிளை இவர்களுடையது. நம்ம ஊர் தேவாங்கு ஒல்லி, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்வது. ஸ்லோ லோரிஸ் கொஞ்சம் குண்டு. நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்களிலும், அங்கிருந்து கிழக்கே ஜாவா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் வரையிலும் இருக்கிறது. இரண்டுமே இரவில் நடமாடும், மரத்தை விட்டு அதிகம் இறங்காது. பிரைமேட்டுகளிலேயே நஞ்சுக்குப் பேர்போனது அந்தக் குண்டு உறவினர் மட்டும்தான்.

பாலூட்டிகளில் நஞ்சுள்ளவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிளாட்டிபஸ், சில மூஞ்சூறு வகைகள், பெரிய மூஞ்சூறு போலிருக்கும் சொலெனோடான், ரத்தம் குடிக்கும் வௌவால் என்று ஒரு விசித்திரக் கூட்டம். அதிலும் லோரிஸின் ஏற்பாடு தனி ரகம். பாம்பு போல வாய்க்குள் நஞ்சுப் பையும் துளையுள்ள பல்லும் அதற்குக் கிடையாது. முழங்கைக்குச் சற்று மேலே, கையின் உட்புறத்தில், மயிரில்லாத சிறு மேடு ஒன்று இருக்கிறது. மிரண்டுபோனால் அதிலிருந்து நெடியடிக்கும் தெளிந்த எண்ணெய் ஒன்று கசியும். லோரிஸ் இரு கைகளையும் தலைக்கு மேல் கொண்டுபோய், தலையைக் குனிந்து அந்த எண்ணெயை நக்கி எடுத்துக்கொள்ளும். எச்சிலோடு கலந்தபின்தான் அதன் வீரியம் கூடுகிறது.

வீடியோவைத் திரும்பப் பாருங்கள். அது கிச்சுகிச்சில் சொக்கிப்போய்க் கையைத் தூக்கவில்லை. ஆயுதத்தை எடுக்கப் போகிறது.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். கலவை வாயில் தயாராகிவிட்டது, கடிபடுபவரின் உடம்புக்குள் அது எப்படிப் போகும்? லோரிஸின் கீழ்த்தாடை முன்பற்கள் ஆறும் (நான்கு வெட்டுப்பற்கள், இரண்டு கோரைப்பற்கள்) மெலிந்து, நெருக்கமாக, முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். இதைப் பற்சீப்பு என்பார்கள். மயிர் கோதவும் உதவும். அந்தப் பற்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளில், அகல்விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நஞ்சு தானாகவே மேலேறி நுனிக்கு வந்துவிடுகிறது. பள்ளியில் படித்த அதே நுண்புழை ஏற்றம்தான். அழுத்தித் தள்ளத் தசை வேண்டாம், தனிக் குழாயும் வேண்டாம். சீவுகிற சீப்பே ஊசியாகிவிடுகிறது. பரிணாமம் புதுக் கருவி செய்யச் சோம்பல்படும், பழையதையே இன்னொரு வேலைக்குத் திருப்பிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த எண்ணெயில் இருப்பது என்ன என்று பிரித்துப் பார்த்தவர்களுக்கு இன்னொரு ஆச்சரியம். அதில் உள்ள முக்கியப் புரதம், பூனை ஒவ்வாமைக்குக் காரணமான புரதத்தின் நெருங்கிய உறவு. பூனை உடம்பை நக்கும்போது எச்சிலிலிருந்து மயிருக்குப் போய், காய்ந்து, தூசியாகப் பறந்து சிலரைத் தும்ம வைக்குமே, அதே குடும்பம். பூனை விஷயத்தில் அது மூக்கோடும் கண்ணோடும் நின்றுவிடும். லோரிஸ் கடித்தால் நேரே சதைக்குள் இறங்குகிறது. ஒவ்வாமைக்கு ஆளாகும் உடம்பு என்றால் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை வேதிப்பொருள் கொட்டும், ரத்த அழுத்தம் சரியும், மூச்சு திணறும். 2012-ல் போர்னியோவில் லோரிஸிடம் கடி வாங்கிய ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. அட்ரினலின் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள்.

இவ்வளவு ஏற்பாடும் யாருக்காக? கொன்று தின்னும் விலங்குகளை விரட்ட என்றுதான் முதலில் நினைத்தார்கள். தாய் லோரிஸ் இரை தேடப் போகுமுன் குட்டியை நக்கி நஞ்சு பூசிவிட்டுப் போவதையும் கவனித்திருக்கிறார்கள். ஆனால் ஜாவாவில் பல ஆண்டுகள் காட்டு லோரிஸ்களைப் பின்தொடர்ந்த குழு 2020-ல் சொன்ன பதில் வேறு: அவை அதிகம் கடிப்பது தங்கள் இனத்தைத்தான். எல்லைத் தகராறு, துணைத் தகராறு. கடிபட்ட இடம் அழுகி, காதும் விரலும் போனவை உண்டு. நஞ்சைச் சொந்த இனத்தின் மீதே இப்படிப் பயன்படுத்தும் விலங்குகள் மிகக் குறைவு.

தூக்கிய கை, சீறல், முகத்துக் கோடுகள் எல்லாம் சேர்ந்து நல்லபாம்பின் படத்தைப் போலத் தோன்றவே உருவானவை என்று ஒரு கருத்தும் இருக்கிறது. நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் பொய்யாகிவிடக் கூடாதே என்று ஆசையாக இருக்கிறது.

இனி வளர்ப்புக்கு வருவோம். கடிக்கும் பிராணியை யார் வாங்குவார்கள்? அதனால் இந்தோனேசியச் சந்தைகளில் விற்குமுன் அந்த முன்பற்களை நகவெட்டியாலோ குறட்டாலோ வெட்டிவிடுகிறார்கள், மயக்க மருந்து இல்லாமல். சீழ் பிடித்துச் சாவது பாதி வழியிலேயே நடக்கும். பிழைத்தாலும் காட்டுக்குத் திரும்ப வழியில்லை. மரத்தைச் சுரண்டி வழியும் பிசினைத் தின்பதுதான் லோரிஸின் முக்கிய உணவு, அதற்கு முன்வாய்ப் பல் வேண்டும். வீட்டில் வாழைப்பழமும் சோறும் போட்டால் பல் சொத்தை, உடல் பருமன், சர்க்கரை நோய். இரவுக்காக அமைந்த கண்ணுக்கு ட்யூப்லைட் வெளிச்சமே தண்டனை. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 2007-லேயே இவற்றின் பன்னாட்டு வணிகத்தை முற்றாகத் தடுத்துவிட்டது. கள்ளச்சந்தைக்கு விளம்பரம் செய்வது நாம் பகிரும் வீடியோக்கள்தான்.

நம்ம ஊர் தேவாங்குக்கு வேறு விதமான சோதனை. கண் மருந்துக்கு, செய்வினைக்கு, வசியத்துக்கு என்று பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வசியம் பலிக்காது என்று நான் எழுதி எவரும் திருந்தப் போவதில்லை என்பதும் தெரியும். ஆனால் 2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம். மகிழ்ச்சிதான். கையோடு, நெற்றியில் சிவப்பு விளக்கு மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க முள்காட்டில் அலையும் ஆய்வு மாணவர்களுக்கும் உதவித்தொகை ஒதுக்கினால் நன்றாக இருக்கும். புலிக்குப் பணம் தேடிவரும். கால் கிலோ எடையுள்ள, படத்துக்குச் சரியாக முகம் காட்டாத விலங்குக்கு யார் தருவார்கள்?

வாசகருக்கு இன்னொன்று. லோரிஸ் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை தவறில்லை. மேற்கு ஜாவாவில் அதே ஆய்வுக் குழு தோட்டக்காரர்களோடு சேர்ந்து, மரத்துக்கு மரம் தண்ணீர்க் குழாய்களைக் கட்டிவிட்டது. பகலில் அவற்றில் பயிருக்குத் தண்ணீர் போகிறது. இரவில் லோரிஸ்கள் அதே குழாயைப் பாலமாகப் பிடித்துக்கொண்டு தோட்டம் கடக்கின்றன.