முகத்துவாரம் ஏன் இடம் மாறுகிறது

பழையாறு தொடங்கி வேதாரண்யம் வரை, காவிரிப் படுகையின் எந்தச் சிற்றாற்று முகத்துவாரத்தையும் இரண்டு விசைகள் ஆள்கின்றன: வாய்க்கு உள்ளே இருக்கும் உப்பங்கழிக்குள் ஏறி இறங்கும் ஓதநீர் (கடல் ஏற்ற வற்றத்தின் நீர்), அலை கரையோரமாக நகர்த்தும் மணல்.

இங்கே அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டரை எட்டாது. ஆகவே கழியின் பரப்புதான் வாயைக் காக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் கழியில் நீர் அரை மீட்டர் ஏறினால் 5 லட்சம் கன மீட்டர். அது சுமார் ஆறு மணி நேரத்தில் வெளியேறும்போது மணலை வாரிக்கொண்டு போகும். பாதிக் கழியைக் கரை கட்டி இறால் குளமாக்கினால் அந்த நீரும் பாதியாகும், வாய் தூர்ந்துபோகும். பழியைக் கடல் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. வடக்கே போகும் மாதங்களில் தென்கரையிலிருந்து மணல்திட்டு நீண்டு வாயை வடக்கே ஒதுக்கும். நெருக்கப்பட்ட நீர் வடகரையின் அடியை அரிக்கும். அங்கே செங்குத்தாக அறுந்த மணற்கரையும் வேர் தொங்கும் சவுக்கும் தெரியும். எதிரே திட்டில் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருந்தால் அது ஓரளவு நிலைத்த மணல். வெறும் மணலென்றால் வாடைக்காற்றில் கரையக்கூடும்.

திட்டு நீள நீள, ஆறு கடலுக்கு இணையாக வெகுதூரம் ஓடி வேகம் இழக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்தால் குறுக்கு வழி தேடித் திட்டின் இடுப்பை உடைக்கும். பழைய வாய் அடைபடும். அறுந்த திட்டை அலைகள் கரையில் சேர்க்க, அதுவரை அரிபட்ட வடகரை மீண்டும் அகலமாகிவிடும். புது வாயின் இருபுறமும் அரிப்பு தொடங்கும். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் மணலும் வெள்ளமும் தேங்குவதால் இந்த உடைப்பும் முன்போல் வருவதில்லை.

கோடியக்கரைக்கு மேற்கே, முத்துப்பேட்டைப் பக்கம் அலை குறைவு. அங்கே படிவது பெரும்பாலும் சேறு.

ஜேசிபி வைத்து வாய் வெட்டுவோர் கடைசித் தடுப்பை வற்றம் தொடங்கும்போது, உள்நீர் கடலைவிட உயர்ந்திருக்கையில் உடைக்க வேண்டும். ஏற்றத்தில் உடைத்தால் கடல்தான் மணலோடு உள்ளே வரும். அள்ளிய மணலை வாயோரம் குவித்தால் சில வாரங்களில் திரும்பிவிடும். அரிபடும் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டுவதே சரி. கருங்கல் சுவர் வாயை நிறுத்தும். ஆனால் மணல் ஒரு பக்கம் தேங்க, மறுபக்கத்து ஊரின் கரை கரையும். சுவர் கட்டினால் தேங்கும் மணலை ஆண்டுதோறும் அந்தப் பக்கம் மாற்றவும் பணம் ஒதுக்கியாக வேண்டும்.