வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வெளியே ஒரு வாசகர் வேண்டும்

வீட்டுக்கல்வியில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதவும் இலக்கியம் படிக்கவும் கற்றுக்கொடுப்பது என் வேலை. வார நாள் காலையில், மற்றப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், சமூக மன்ற அறை ஒன்றில் கூடுகிறோம். ஒன்பது வயதுச் சிறுமியும் பதினான்கு வயதுப் பையனும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் அநேகமாக முதலில் கேட்பது, "பிஎஸ்எல்இ தமிழுக்கு இது போதுமா டீச்சர்?" என்பதுதான். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியின் முடிவில் எழுதும் தேசியத் தேர்வுதான் பிஎஸ்எல்இ. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டிலேயே படிக்கும் பிள்ளையின் எழுத்துக்கு எது குறைகிறது என்பது அந்தக் கேள்விக்குள் வருவதே இல்லை.

முதலில் அந்தக் கவலையைப் பார்ப்போம். கட்டாயக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆறு வயதைத் தாண்டிய, 15 வயதை எட்டாத சிங்கப்பூர்க் குடிமக்கள் இங்கே வசித்தால் தேசியத் தொடக்கப்பள்ளிக்குப் போக வேண்டும். வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். என்ன பாடம், யார் சொல்லிக்கொடுப்பார், எப்படி என்பதையெல்லாம் எழுத்தில் காட்ட வேண்டும். விலக்கு கிடைத்த பிள்ளையும் ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் என நான்கு பாடங்களிலும் பிஎஸ்எல்இ எழுதியாக வேண்டும். வெறும் தேர்ச்சி போதாது. அதே ஆண்டில் தேசியப் பள்ளிகளிலிருந்து இந்த நான்கு பாடங்களையும் எழுதியவர்களைத் தேர்ச்சி வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து 33 விழுக்காட்டைத் தாண்டும் இடத்தையாவது பிள்ளை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மறுபடி எழுத வேண்டி வரலாம், அல்லது பள்ளியில் சேர வேண்டி வரலாம். ஒரு தாயின் தூக்கத்தைக் கெடுக்க இவ்வளவு போதும். ஆங்கிலத்தையும் கணிதத்தையும் வீட்டிலேயே சமாளித்துவிடுகிறார்கள். பயம் முழுவதும் தமிழின்மேல் வந்து விழுகிறது.

பயம் மனப்பாடத்தில் போய் நிற்கிறது. புதிதாக வரும் பிள்ளையின் கோப்பைத் திறந்தால் கட்டுரைகள் பளபளவென்று இருக்கும். "கதிரவன் தன் பொற்கதிர்களைப் பூமியெங்கும் பரப்பினான்" என்றுதான் பொழுது விடியும். சாலையில் தடுக்கி விழுந்தவர் எவரானாலும் இரத்த வெள்ளத்தில் கிடப்பார். உதவிய சிறுவனைப் பள்ளி முதல்வர் மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டுவார். எழுதியது பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளை. அந்த முதல்வரையும் அந்தக் காலைக் கூட்டத்தையும் அது எங்கே கண்டது? மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தில் கண்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். ஏனென்றால் அந்தப் பிள்ளை பார்க்கும் உலகம் வேறு. காலை பத்து மணிக்கு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள், தேக்கா சந்தையில் மீன்காரர் எப்போது ஐஸைக் கொட்டிவிட்டுக் கடையைக் கழுவத் தொடங்குவார், தாத்தா மாத்திரையை யாருக்கும் தெரியாமல் எந்தச் செடித்தொட்டியில் போடுகிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பள்ளி நேரத்தில் வகுப்பறைக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்காத காட்சிகள் இவை. அவற்றில் ஒன்றுகூடக் கட்டுரைக்குள் வருவதில்லை.

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, பாட்டியோடு பலதுறை மருந்தகத்துக்குப் போய்வந்ததை எழுதிக்கொண்டு வந்தாள். வகுப்பிலேயே எழுதியது, வீட்டில் யாரும் கைவைக்காதது. அதில் ஒரு வாக்கியம்: "மின்தூக்கியில் ஏறியதும் பாட்டி பொத்தானை அழுத்த மாட்டார். நான் அழுத்தும்வரை நிற்பார்." அவள் உரக்க வாசித்து முடித்ததும் வகுப்பின் பெரிய பையன் ஒருவன் கேட்டான்: "ஏன், பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாதா?" சிறுமிக்குக் கோபமே வந்துவிட்டது. "கண்ணெல்லாம் நன்றாகத் தெரியும். சின்ன வயதில் நான்தான் அழுத்துவேன் என்று அழுவேன். அதனால் பாட்டி இப்போதும் எனக்கு விட்டுவைக்கிறார்." மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் ஒரே குரலில், "அதை நீ எழுதவே இல்லையே!" என்றார்கள். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுதத்தான் இல்லை. பென்சிலை எடுத்து ஓரத்தில் சேர்த்தாள்: "முன்பு பாட்டி என்னைத் தூக்கிப் பிடிப்பார். இப்போது எனக்கே எட்டுகிறது. ஆனாலும் பாட்டி அழுத்துவதில்லை."

அந்தப் பையன் கேட்ட கேள்வியை அவளுடைய அம்மா கேட்டிருக்கவே முடியாது. அதே மின்தூக்கியில் அதே பாட்டியோடு தினமும் போகிறவர் அவர். பிள்ளை எழுதாமல் விட்டதை அவர் மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் ஒருவர், பக்கத்து இருக்கைத் தோழி ஒருத்தி என அந்நியக் கண்கள் தாமாகவே அமைந்துவிடுகின்றன. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கற்பிப்பவர், திருத்துபவர், படிப்பவர் மூவரும் ஒருவரே. அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும், தெரியாதவராக இருக்க அவரால் முடியாது. இன்னொருவருக்குப் புரியும்படி எழுதுவது என்பதைப் பிள்ளை பழகுவதற்கு, அதன் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் வேண்டும். என் வகுப்பில் நான் செய்வதில் பெரும்பகுதி அப்படிப்பட்டவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவருவதுதான். இலக்கணம் சொல்லிக்கொடுக்க எத்தனையோ பயிற்சி நூல்கள் இருக்கின்றன.

ஆகவே பெற்றோரிடம் நான் வைக்கும் முதல் வேண்டுகோள்: வகுப்புக்கு வரும் எழுத்தை வீட்டில் திருத்தாதீர்கள். இது பலருக்கு மிகவும் கடினமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ணகர னகரத்தையும் லகர ளகரத்தையும் மாற்றி எழுதிய தாளைப் பிள்ளை வெளியே கொண்டுபோவது, தான் கற்பித்த இலட்சணத்தையே பிறர் முன் காட்டுவதுபோல ஒரு தாய்க்குத் தோன்றும். பள்ளியை விட்டுத் துணிந்து வெளியே வந்த குடும்பங்களுக்கு உறவினர்களின் வாய் வேறு இருக்கிறது. ஆனால் திருத்திக் கொடுத்த தாளில் எனக்குத் தெரிவது அம்மாவின் தமிழ்தான். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது மறைந்துவிடுகிறது. ஒரு வகைத் திருத்தம் உடனே கண்ணில் படும்: பிள்ளை வாசிக்கும்போது தன் வாக்கியத்திலேயே தடுக்கி விழும். தான் எழுதிய வரியை ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது என்றால் அந்த வரி அதனுடையதில்லை.

பிழையைத் திருத்தவே வேண்டாமா என்றால், வேண்டும். ஒரு தாளில் ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த வாரம் வல்லினம் மிகும் இடம் என்றால் அது மட்டும்தான். மற்றவற்றைப் பார்த்தும் விட்டுவிடுவேன். தாள் முழுவதும் சிவப்பாகத் திரும்பினால் பிள்ளை அடுத்த முறை தனக்கு நிச்சயமாகத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து நான்கு வரி எழுதித் தப்பித்துக்கொள்ளும்.

இலக்கியம் எதற்கு, அது தேர்வில் வராதே என்று கேட்பவர்களும் உண்டு. குறுந்தொகையின் 167ஆம் பாடலைப் பெரிய பிள்ளைகளோடு படித்த காலையைச் சொல்கிறேன். ஆறே அடி. புதிதாக மணமான பெண் கட்டித் தயிரைத் தன் விரல்களால் பிசைகிறாள். அந்தக் கையை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அவ்வளவுதான். அருஞ்சொற்களைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். "கையை ஏன் கழுவவில்லை?" என்று ஒருவன் கேட்டான். வீட்டுச் சமையலில் தினமும் கூடமாட நிற்கும் பிள்ளை ஒருத்தி உடனே பதில் சொன்னாள்: "அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தால் எப்படிக் கழுவப் போவது? கருகிவிடும்." அதற்குள் இன்னொருவன், "அவள் சந்தோஷப்பட்டாள் என்று நேராகச் சொல்லவில்லையே, முகத்தை யார் பார்த்தது?" என்றான். பார்த்தவர் அவளை வளர்த்த செவிலித்தாய். போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்கிறார். அதைச் சொன்னதும் பாட்டே அவர்களுக்கு வேறாகிவிட்டது. மகள் எப்படி இருக்கிறாளோ என்று கவலைப்படும் ஒரு தாய்க்குச் சொல்லப்படும் செய்தி அது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அடுத்த வாரம் அதே பிள்ளைகள் கொண்டுவந்த கட்டுரைகளில் "மட்டற்ற மகிழ்ச்சி அடைந்தான்" காணாமல் போயிருந்தது. ஒருவன், தன் தங்கை மகிழ்ந்ததைச் சொல்ல, அவள் சட்டையின் விலைச்சீட்டைக்கூட எடுக்காமல் அதோடு தூங்கிப்போனாள் என்று எழுதியிருந்தான். தேர்வு எழுதுவதற்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி எனக்குத் தெரியவில்லை. இலக்கியத்தைத் தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் பெற்றோரைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பத்து வயதிலேயே தொடங்குங்கள், வாரத்துக்கு ஒரு பாட்டு போதும்.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிஎஸ்எல்இ தமிழ்மொழித் தேர்வின் மொத்த மதிப்பெண் 200. அதில் கட்டுரைக்கு 40, வாய்மொழிக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20. கட்டுரையைவிட வாய்மொழிக்கு மதிப்பெண் கூடுதல். பிள்ளை ஒரு பகுதியை உரக்க வாசித்து, ஒரு காணொளியைப் பார்த்து, அதைப் பற்றி முன்பின் அறியாத ஒருவரோடு உரையாட வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. பள்ளிப் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பாவது வாரம் தவறாமல் இருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அம்மாவைத் தவிர வேறு ஒருவரோடும் தமிழ் பேசாமலேயே மாதங்கள் ஓடிவிடும். அம்மாவோடு பேசும் தமிழுக்கு முழு வாக்கியமே தேவையில்லை. பாதியிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிடும். எழுத்தில் உள்ள அதே சிக்கல் இங்கேயும் இருக்கிறது. தேர்வு அறையில் பிள்ளை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி நிறுத்திவிடுவதற்குக் கூச்சம் மட்டும் காரணமன்று.

இதற்குச் செலவு பெரிதாக ஆகாது. மளிகைக்கடையிலும் பூக்கடையிலும் பிள்ளையை முன்னே விட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். புளோக்கில் தனியாக இருக்கும் தமிழ் மூதாட்டி ஒருவரிடம் வாரம் ஒரு முறை போய் நாளிதழ் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகள் எந்தப் பயிற்சி நூலிலும் இல்லாதவை. வட்டார நூலகத்தில் தமிழ்ப் பிரிவு இருந்தால் நூலைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், மெலிந்த நூலாக இருந்தாலும் பரவாயில்லை. ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா நடக்கும்போது பேச்சுக்கும் எழுத்துக்கும் பல போட்டிகள் வருகின்றன. சிலவற்றுக்குப் பள்ளி வழியாகப் பதிவு செய்யச் சொல்வார்கள். உங்களுக்கு இடமில்லை என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாமல், ஏற்பாட்டாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

வயது கலந்த வகுப்பைப் பற்றிப் பெற்றோர் தயங்குவது உண்டு. எனக்கு அதில் தயக்கமே இல்லை. பெரியவன் சின்னவளுக்குப் புரியும்படி எழுதப் பார்க்கிறான். சின்னவள் பெரியவனின் தாளில் புரியாத இடத்தைக் கூச்சமில்லாமல் கேட்கிறாள். கெடுவைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவள். வீட்டில் எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளலாம் என்று பழகிய பிள்ளைக்கு, வியாழக்கிழமை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் காத்திருப்பார்கள் என்ற எண்ணம் வேண்டும். கையால் எழுதும் பழக்கமும் வேண்டும். தட்டச்சிலேயே வளர்ந்த பிள்ளைக்குக் கட்டுரைத் தாளின் 50 நிமிடத்தில் விரல் வலித்துப்போகிறது.

பிஎஸ்எல்இ முடிந்ததும் பல குடும்பங்கள் தமிழைக் கைவிட்டுவிடுகின்றன. அளவுகோலைத் தாண்டியாயிற்று, இனி அறிவியலைப் பார்ப்போம் என்கிறார்கள். பன்னிரண்டு வயதில்தான் பிள்ளைக்கு வீட்டாரிடம் சொல்ல முடியாத எண்ணங்கள் வரத் தொடங்குகின்றன. சொந்தமாக எழுத அப்போதுதான் ஒரு காரணமே பிறக்கிறது. அந்த வயதில் நிறுத்தியவர்கள் பதினைந்தில், பள்ளி வழியாக அல்லாமல் தனியார் தேர்வராகத் தமிழை எழுத வேண்டி வரும்போது முதலிலிருந்து தொடங்குகிறார்கள். 2027 முதல், உயர்நிலைப்பள்ளி முடிவில் எழுதும் 'ஓ' (O) நிலை, 'என்' (N) நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாகச் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. இப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இருக்கும் பிள்ளைகள் எழுதப்போவது அதைத்தான். பாடத்திட்டத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

வகுப்பில் சேர்க்க வரும்போது மாதிரிக் கட்டுரைக் கோப்பு தேவையில்லை. பிள்ளை தானாக எழுதிய ஏதாவது ஒன்று போதும்: கடைக்குப் போக எழுதிய சீட்டு, தம்பியோடு சண்டை போட்டு எழுதிக் கொடுத்த மன்னிப்பு, எதுவானாலும் சரி. திருத்தாமல் கொண்டுவாருங்கள். முதல் ஒரு மணி நேரம் நீங்கள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். கீழே உணவங்காடி இருக்கிறது, காப்பி நன்றாக இருக்கும்.