மலம் கறுப்பாகப் போகிறதா? கண்ணை மூடி உட்காராதீர்கள்

போன வாரம் மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து ஒருவரை அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். 52 வயது. தாதரில் ரயிலை விட்டு இறங்கியதும் தலைசுற்றி பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். இமையை விலக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் காகிதம். ஹீமோகுளோபின் 7.

"மூணு நாளா மோஷன் தார் மாதிரி போகுதாம் டாக்டரம்மா. இன்னிக்குத்தான் வாயத் திறந்து சொல்றார்" என்றார் அந்த அம்மா.

"ஆறு மாசமா அஜீரணம் மேடம். டென்ஷன்தான் காரணம்னு தெரியும். காலையும் ராத்திரியும் தியானம் பண்றேன். நடுவுல நல்லாவே குறைஞ்சுது" என்றார் அவர்.

எண்டோஸ்கோபியில் முன்சிறுகுடலில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. இதே கதையோடு இந்த வருடம் என்னிடம் வரும் மூன்றாவது ஆள் இவர். மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

தியானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்துச் சீட்டிலேயே மூச்சுப் பயிற்சி எழுதிக் கொடுக்கிறேன். டோம்பிவிலியிலிருந்து வேலைக்குப் போகும் ஒரு பெண், வழியில் எந்த ஸ்டேஷனில் எந்தப் பக்கம் கழிப்பறை, எது திறந்திருக்கும் என்று மனப்பாடமாகச் சொல்வாள். லோக்கலில் ஏறினாலே வயிறு புரட்டும். ரத்தம், மலம், ஸ்கேன் எதிலும் குறையில்லை. ஐபிஎஸ் என்கிற குடல் கோளாறு. வயிறு எழும்பி இறங்கும்படி பத்து நிமிடம் நிதானமாக மூச்சு விடச் சொன்னேன், சாப்பாட்டிலும் சிலதை மாற்றினோம். இரண்டு மாதத்தில் பயமில்லாமல் ரயில் ஏறுகிறாள். மூளைக்கும் குடலுக்கும் வேகஸ் நரம்பு வழியாக ஓயாத பேச்சுவார்த்தை உண்டு. மனம் அமைதியானால் குடலும் அமைதியாகும். இதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அவளுக்கு முதலில் பரிசோதனை முடிந்தது, பிறகுதான் மூச்சுப் பயிற்சி. கோலிவாடாக்காரர் பரிசோதனையையே விட்டுவிட்டார்.

"அல்சர் டென்ஷனால வர்றது" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரு காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள், இரைப்பைச் சவ்வில் வாழும் ஒரு கிருமியை 1982-இல் வளர்த்துக் காட்டினார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி. பெரும்பாலான அல்சருக்கு அதுதான் காரணம் என்றார்கள். ஊர் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமி நம் நாட்டில் மிகச் சாதாரணம், கோலிவாடாக்காரர் வயிற்றிலும் இருந்தது. அதைக் கொல்ல ஆன்டிபயாடிக் வேண்டும். எத்தனை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தாலும் அது சாகாது.

"அப்புறம் எப்படி குறைஞ்சுது?" என்று கோலிவாடாக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த வகைப் புண்ணின் குணமே அதுதான். சில வாரம் வலிக்கும், தானே அடங்கும், மறுபடி கிளம்பும். வெறும் வயிற்றில் வலிக்கும், நடுராத்திரி எழுப்பும், இரண்டு பிஸ்கட் தின்றால் தணியும். தணிந்திருந்த வாரங்களைத் தியானத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார். உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே இருந்தது.

இன்னொன்றைத் துருவிக் கேட்டபோதுதான் சொன்னார். இருவேளையும் சம்மணமிட்டு உட்கார்ந்ததில் முழங்கால் வலி. அதற்குத் தெருமுனை மெடிக்கலில் அசிக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை, இரண்டு மாதமாகத் தினமும் ஒன்று. கிருமியோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் புண்ணிலிருந்து ரத்தம் வரும் ஆபத்து கூடும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். அந்த மாத்திரை ரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பையின் பாதுகாப்பைக் குறைக்கிறது. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் நாற்காலியில் உட்காருங்கள். தியானம் கெட்டுப்போகாது.

மலம் கறுத்துப் பிசுபிசுவென்று போனால், ரத்த வாந்தி எடுத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரே பார்த்துச் சொல்லட்டும். காரணமில்லாமல் எடை குறைகிறது, விழுங்கும்போது அடைக்கிறது, ரத்தசோகை இருக்கிறது, ஐம்பதை நெருங்கும்போது புதிதாக அஜீரணம் தொடங்குகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். "கேஸ்" என்று நினைக்கும் நெஞ்சு அழுத்தத்தோடு வியர்வை, தாடையிலோ கையிலோ வலி வந்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைக்குப் போய் ஈசிஜி எடுங்கள். சர்க்கரை நோயாளிகள் இதில் ரொம்ப ஜாக்கிரதை, தயவுசெய்து.

ராத்திரி பத்தரைக்கு வீடு வந்து, சாப்பிட்ட கையோடு சவாசனத்தில் படுக்கிறவர்களே, உங்கள் நெஞ்செரிச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். நிறைந்த வயிற்றோடு கபாலபாதி என்ற வேகமான மூச்சுப் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

அவருக்கு ரத்தம் ஏற்றினோம், இப்போது தேறிவிட்டார். மாத்திரை கோர்ஸ் முடிந்து நான்கு வாரம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும்போது, தியானத்தைத் தொடரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக, காலையில், நாற்காலியில் என்றேன். முழங்கால் மாத்திரை அட்டையை அந்த அம்மா ஏற்கனவே தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.