ஏரோ-ஆப்டிக்ஸ்: காற்றோட்ட ஒளியியல்

விமானத்தை ஒட்டி வேகமாக ஓடும் காற்று, அதிலுள்ள கேமரா, தொலைநோக்கி, லேசர் ஆகியவற்றின் ஒளியை எப்படிக் குலைக்கிறது என்று ஆராய்வது ஏரோ-ஆப்டிக்ஸ். கிரேக்கத்தில் ‘ஏர்’ என்றால் காற்று. ‘ஆப்டிகோஸ்’ என்றால் பார்வை சார்ந்தது. ‘வளிமண்டல ஒளியியல்’ என்று பெயர்த்தால் வானவில், கானல்நீர் பக்கம் போய்விடும். இங்கே சிக்கல் விமானத்தின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலத்தில்தான். அதனால் ‘காற்றோட்ட ஒளியியல்’ பொருந்தும்.

காற்றின் ஒளிவிலகல் எண் 1-ஐவிடக் கூடுதலாக இருக்கும் அளவு, அடர்த்தியோடு நேர்விகிதத்தில் மாறும். கடல்மட்டத்தில் அது சுமார் 0.00028. அற்பமாகத் தெரியும். ஆனால் அங்கே ஒரு சென்டிமீட்டர் காற்றின் அடர்த்தி 10 சதவீதம் மாறினாலே ஒளிப்பாதை 0.28 மைக்ரோமீட்டர் மாறிவிடும். பச்சை ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி! கொந்தளிக்கும் காற்றில் இம்மாற்றம் இடத்துக்கு இடம், நொடிக்குப் பல ஆயிரம் முறை நடக்கும். விமானத்துக்கு வெளியே துருத்தி நிற்கும் அரைக்கோளக் கூண்டில் லேசரை வைத்தால், விமானம் மாக் 0.55-ஐ, அதாவது ஒலிவேகத்தில் 55 சதவீதத்தை, நெருங்கும்போதே கூண்டின் உச்சியில் காற்று ஒலிவேகத்தைத் தொட்டு அதிர்ச்சி அலை எழும். பின்பக்கம் ஓட்டம் பிரிந்து சுழலும். அந்தத் திசையில் குறிவைப்பதுதான் மிகக் கடினம்.

அலைநீளம் குறையக் குறைய இழப்பு கடுமையாகும். ஒளிப்பாதைப் பிழை சராசரியாக 0.1 மைக்ரோமீட்டர் என்று கொள்வோம். அமெரிக்க விமானப்படையின் என்கேசி-135 விமானத்தில் இருந்த 10.6 மைக்ரோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு அதனால் மையச்செறிவில் (குவியும் ஒளிப்புள்ளியின் நடுவிலுள்ள செறிவில்) அரை சதவீதம்கூடக் குறையாது. பின்வந்த ஒய்ஏஎல்-1 விமானத்தின் 1.315 மைக்ரோமீட்டர் லேசருக்கு 20 சதவீதம் போய்விடும்.

வெப்பம் தனித் தலைவலி. மைனஸ் 56 டிகிரி செல்சியஸ் காற்றில் மாக் 3 வேகத்தில் பறந்தால், முகப்பில் தேங்கும் காற்று 330 டிகிரியைத் தாண்டும். ஜன்னல் சீரற்றுச் சூடாகி வளையும், அதன் ஒளிவிலகல் எண்ணும் மாறும். பிம்பம் மங்குவதோடு இலக்கும் இடம்பெயர்ந்து தெரியும். அகச்சிவப்பு உணரிக்கோ சூடான ஜன்னலே ஒளிர்ந்து இலக்கை மூழ்கடிக்கும். குளிர்வாயுவை ஜன்னல்மேல் பாய்ச்சலாம்தான். ஆனால் அது வெளிக்காற்றோடு கலக்குமிடத்தில் இன்னொரு அடர்த்திக் குழப்பம் பிறக்கும்.

2022 வரை பறந்த சோஃபியா என்ற விமான வானியல் ஆய்வகம் ஜன்னலையே விட்டுவிட்டது. போயிங் 747எஸ்பி விமானத்தின் பக்கவாட்டுத் திறப்பு வழியே 2.7 மீட்டர் ஆடி நேரடியாக வானைப் பார்த்தது. திறப்பின் பின்விளிம்பில் சரிவு அமைத்து ஓட்டத்தை அடக்கினார்கள். அப்படியும் திறப்பின் குறுக்கே ஓடிய காற்று, குறுகிய அலைநீளங்களில் விண்மீன்களின் பிம்பத்தைப் பரத்தவே செய்தது.